நாகநாதன் பேர் வெட்டிய தூக்குவாளி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். சத்தியம் செய்து நம்ப வைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். கட்டுக்கதையாக இருந்தால் என்னைக் கொஞ்சம் வீரனாகவாவது காட்டியிருப்பேன். பெற்ற தகப்பன் பெயரை இப்படிச் சந்திக்கு இழுத்திருக்க மாட்டேன்.

1973. மதுரையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகும் ரோட்டோரம் ஒரு தெருவில், கிணறுகளில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மனு வந்தது. பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்க். மூடி ஏழு வருடம் ஆகிவிட்டது. டேங்க்குகளை மட்டும் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். நீ அந்த ஊர்க்காரன்தானே, மண்ணும் தண்ணீரும் எடுத்து வா என்று அதிகாரி என்னை அனுப்பினார். அந்த பங்க் என் அப்பா நாகநாதனுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

நான் யார் மகன் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாங்க தம்பி என்று நாற்காலி போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைக்கு ஓடிப் போய் சோடா வாங்கி வந்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூசிப் போய்விட்டேன்.

பகலெல்லாம் மண் தோண்டினேன். முழங்கால் ஆழத்திலேயே மண் கறுத்துக் கிடந்தது. கடைசியாக ஒச்சம்மாள் என்பவர் வீட்டுக் கிணறு. மணி ஆறே முக்கால். தெருவில் கரண்ட் இல்லை. இரும்புக் கூண்டில் பாட்டிலைப் பொருத்தி, நைலான் கயிற்றில் கட்டி இறக்கினேன். முடிச்சு நழுவிவிட்டது.

தொப்...

என்னிடம் இருந்ததே அந்த ஒரு கூண்டுதான். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லி, ஒச்சம்மாள் விளக்கு ஏற்றப் போனார். நானும் தலையாட்டினேன். பெட்ரோல் வாடை அடிக்கும் கிணற்றில் விளக்கு இறக்கலாமா என்று யோசிக்கவில்லை. வெட்கத்தில் புத்தி அவ்வளவு மழுங்கிக் கிடந்தது.

அதற்குள் பாதாளக் கரண்டி கேட்டு வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் கொக்கிக் கொத்து அது. தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு. நான் குரல் கொடுக்கும் முன்பே ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். கையில் பாதாளக் கரண்டி.

நான் இன்னும் கேட்கவே இல்லை...

"ஒரு ஏனத்தை வச்சுட்டு எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம்தான். பாதாளக் கரண்டியைத் திருப்பித் தரும்வரை ஒரு பாத்திரத்தை ஈடாக வைக்க வேண்டும். சோறு கொண்டு வந்த தூக்குவாளியைக் கொடுத்தேன். அதில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். அவள் அதை விரலால் தடவினாள். மெதுவாக... ஒவ்வொரு எழுத்தாக.

"முதலாளியவே வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்க."

தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு...

"வெளக்கை மட்டும் உள்ள எறக்கிறாதீக."

கரண்டி ஈரமாக இருந்தது. கயிறு பாதியில் கருகி அறுந்திருந்தது. என் கையெல்லாம் பெட்ரோல் வாடை.

திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. சாத்திய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஒச்சம்மாள் விளக்கோடு வந்துகொண்டிருந்தார். அங்கேயே நிற்கச் சொன்னேன். கருகிய கயிற்றோடு என் வெள்ளை நைலான் கயிற்றை முடிந்து, இருட்டிலேயே துழாவினேன்.

ணங்... ணங்...

கூண்டு மாட்டியது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு விளக்கருகே போனேன். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

"கரண்டி ஏது தம்பி?"

"பக்கத்து வீட்ல குடுத்தாக."

ஒச்சம்மாள் விளக்கைத் தூக்கி அந்த வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"அது பூட்டிக் கெடக்குற வீடுப்பா."

அங்கே முன்பு குடியிருந்தவள் மீனம்மாள். தச்சு வேலை பார்த்த கருப்பையாவின் மனைவி. ஏழு வருடம் முன்பு தன் வீட்டுக் கிணற்றடியில் எரிந்து செத்தாள். எவனோடோ தொடுப்பு, விஷயம் வெளியே தெரிந்ததும் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டாள் என்று ஊர் பேசியது. கருப்பையா கிணற்றைக் கல்பலகை போட்டு, சிமென்ட் பூசி மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னது அப்பாதான்.

அன்று இரவு ஊரில் எங்கள் வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை.

"மூஞ்சி தெரிஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"பாதி."

விடிந்தபோது அவர் படுக்கையில் இல்லை. நான் கொண்டு வந்திருந்த பாதாளக் கரண்டியும் இல்லை.

பூட்டிய வீட்டின் கொல்லையில், அந்தக் கல்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. தெருவே சுற்றி நின்றது. அவராகவே சொன்னார்.

"மீனம்மா, கெணறு நாறுது, கொடமும் விழுந்துருச்சுன்னு சொல்ல வந்தா. டேங்க் ஒழுகுறது எனக்குத் தெரியும். வெளியில தெரிஞ்சா பங்க்கை மூடிருவாக... உள்ள எறக்கிப் பாருன்னு வெளக்க நான்தான் குடுத்தேன். அவளப் பத்தி ஊருக்குச் சொன்னதும் நான்தான்."

என்னால் நிமிர முடியவில்லை. தெருக்காரர்களும் தரையைத்தான் பார்த்தார்கள். அந்தப் பேச்சை அவர்களும்தானே ஏழு வருடம் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. தூக்குவாளியை யார் கொடுத்தது என்று நானும் கேட்கவில்லை.

மறுமாதம் என் சோதனை முடிவு வந்தது. மீனம்மாள் கிணற்றையும் திறந்து பார்க்க உத்தரவானது. சிமென்ட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. உளியால் பெயர்த்து எடுக்க அரை நாள் ஆனது. உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேற இரண்டு நாள் விட்டு, பிறகு துழாவினார்கள்.

முதலில் வந்தது ஒரு குடம்.

அடுத்தது ஒரு பாதாளக் கரண்டி. தீப்பிடித்த அன்று மீனம்மாள் கையிலிருந்து விழுந்தது, அதை அப்போது யாரும் எடுக்கவில்லை என்றார் ஒச்சம்மாள்.

அதன் கயிறு பாதியில் கருகியிருந்தது.

அதோடு என் வெள்ளை நைலான் கயிறு... நான் போட்ட அதே முடிச்சு.