சூடு தெரியாத கால்

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் வாலிநோக்கத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்ன உப்பளத்தில் மேஸ்திரி. ஐம்பது வயது ஆகவில்லை. ஆனால் எழுந்தது முதல் படுக்கும்வரை பீடி.

அந்த வருஷம் கோடையில் அவருக்கு இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. நாலு பாத்தி தூரம் நடந்தால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் விட்டுவிடும். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு வருவதுதான் என்றார்கள். இரண்டு தடவை ஒரு கண் திரை போட்ட மாதிரி இருண்டு, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. வெயிலில் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கூசாதா என்று நானே சொன்னேன். மேடேறினால் நெஞ்சை அடைக்கிறது என்றபோது, வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் உப்பள வேலை நின்றது. ஒரு சாயங்காலம் அவருக்குக் கால் பிடித்துவிட உட்கார்ந்தேன். இடது பாதம் பிணத்தைத் தொட்ட மாதிரி சில்லென்றிருந்தது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். சூடு போதுமா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலையே. இன்னுங் கொஞ்சம் வையி" என்றார். வைத்தேன்.

விடிந்து பார்த்தால் பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். வலிக்கவே இல்லை என்றார். எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். புண் ஆறவில்லை. பத்தே நாளில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. அதன்பின் வந்த வலியில் அவரால் படுக்க முடியவில்லை. காலைத் தொங்கப் போட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

ராமநாதபுரத்தில் காட்டினோம். உடனே மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் புண்ணைக்கூட முதலில் பார்க்கவில்லை. பாதத்தின்மேல் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார். பிறகு முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கில். குழாயைக் கழுத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, கண் எப்போதாவது இருண்டதா என்றார். மேடேறினால் நெஞ்சு அடைக்கிறதா என்றார். நாங்கள் இரண்டையும் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

"இது காலோட நிக்கிற வியாதி இல்லம்மா. ரத்தக் குழாய் பல இடத்துல அடைச்சுக்கிட்டு வருது. காலு, நெஞ்சு, மூளைக்குப் போற குழாய், எல்லாத்துலயும் இருக்கு."

பிறகு, காலில் சூடு வைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்கய்யா. குளுருதேன்னு அடுப்புக்கிட்ட காலை நீட்டிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமலே.

"அவுக பொய் சொல்றாக. வறுத்த உப்பை வச்சது நாந்தான்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. ரத்தம் ஓடாத கால் சூட்டைத் தாங்காது, இனிமேல் அப்படிச் செய்யாதே என்றார். குழாய் அடைத்தது உன்னால் இல்லை, ஆனால் இவர் பீடியை விடாவிட்டால் அடுத்தது மற்றக் காலோ நெஞ்சோ என்றார்.

குழாய் விரிந்து பாதத்துக்கு ரத்தம் வரட்டும் என்று, அதைச் சுருக்குகிற நரம்பை இடுப்புப் பக்கம் வெட்டி ஒரு ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். மயக்க மருந்தை நெஞ்சு தாங்காமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் என்னிடம் கைநாட்டு வாங்கினார்கள். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை அந்த மை படிந்த பெருவிரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

கால் தப்பியது. பீடியை அவர் மறுபடி தொடவில்லை. வலது பாதத்தில் நாடி பார்க்க டாக்டரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் விரலை வைப்பேன். சில நாள் சட்டென்று கிடைக்காது. விரலை அங்கும் இங்கும் மாற்றி மாற்றி அழுத்துவேன். "பதறாம தேடு, அங்கனதான் இருக்கும்" என்பார்.

ஆறு வருஷம் அப்படி இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த ஒத்தடத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் பாசத்தில் செய்தாலும் தெரியாமல் செய்தால் கெடுதலாகிவிடுமே என்கிற பயம் இன்றும் என்னை விடவில்லை. அது விட்டுப்போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.