ரெண்டுக்கும் ஒரு கல்

வின்னிபெக்கில் எங்கள் தெருக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள்தான் ஓடப் போகிறார்கள். நாயோடு, காதில் பாட்டோடு. முதல் வாரம் எனக்கு உடம்பே கூசியது. அப்புறம் நானும் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு அங்கிருக்கும் பெஞ்சில் உட்காரப் பழகிவிட்டேன். அடுத்த வீட்டு லிண்டா ஒருநாள், "இங்கே உங்கள் ஆள் யார்?" என்று கேட்டாள். "யாருமில்லை" என்றேன். என்னை நாதியற்றவன் என்று நினைத்தாளோ என்னவோ, சாயங்காலம் வீட்டுக்கு அவள் சுட்ட ஆப்பிள் பை வந்தது. என் ஆள், அப்பா, தாம்பரத்துக் கல்லறையில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாம்பரத்தில் எந்த இடம் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. விசா சிக்கல். அந்த வலி இன்னும் ஆறவில்லை. போன வருடம்தான் கல்லறைத் திருநாளுக்கு, அப்பா பெயர் வெட்டிய கறுப்புக் கல்லோடு போனேன். 'வேப்பமரத்திலிருந்து மூணாவது' என்பது அம்மா சொன்ன அடையாளம். போய்ப் பார்த்தால் மரத்தையே காணோம், புயலில் விழுந்துவிட்டதாம். அந்தப் பக்கம் பெயரில்லாத கல்லறைகள் இரண்டே இரண்டுதான் அடுத்தடுத்து இருந்தன; அதில் ஒன்று அப்பா. இரண்டுக்கும் புதுச் சுண்ணாம்பு, சாமந்தி மாலை. யார் அடித்தது, யார் போட்டது? எனக்குக் கல்லைவிட அதுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

மெழுகுவத்திக் கட்டோடு ஓர் அம்மாள் வந்தார். பெயர் செல்வராணி, ஊரப்பாக்கத்திலிருந்து வருஷா வருஷம் ரயிலில் வருகிறாராம்.

"இதுல ஒண்ணு எங்க வூட்டுக்காரரு, தம்பி. எதுன்னு தெரியல. சிலுவை ரெண்டும் வெள்ளத்துல பூட்ச்சி. ஒண்ணுக்கு மட்டும் ஏத்தி, அது வேற யாராச்சும்னா அவரு மனசு இன்னா பாடுபடும்? அதான் ரெண்டுக்கும் செய்றேன்."

அடப்பாவி, இத்தனை வருஷமும் என் அப்பாவுக்கு மாலை போட்டது இவரா! மகன் நான் செய்யாததை, அப்பாவின் பெயர்கூடத் தெரியாத இந்த அம்மாள் செய்திருக்கிறார்.

"சார், எதுல வெக்கணும் சொல்லு. சிமென்ட் காஞ்சிகினு கீது" என்று அவசரப்படுத்தினார், கல் நட நான் கூட்டி வந்திருந்த வேலைக்காரர். ஏதோ ஒன்றில் நட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். தப்பாக நட்டால் ஒரு மனுஷியின் புருஷன் என் அப்பா ஆகிவிடுவார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

"மாசிலாமணி. ஏன்?"

அப்பா பெயருக்குக் கீழே அதையும் வெட்டி வரச் சொல்லிக் கல்லைத் திருப்பி அனுப்பினேன். சிமென்ட் வீணானதற்கு வேலைக்காரர் வாய்விட்டே திட்டினார். அக்கா மட்டும், "அவரு பேரு கல்லுலயா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் இரண்டு கல்லறைக்கும் பொதுவாகத் தலைமாட்டில் கல் நின்றது.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அக்கா போனில் படம் அனுப்பியிருந்தார். ஒரு கல், இரண்டு மெழுகுவத்தி. அப்பாவின் கல்லறை என்று லிண்டாவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்து, "இதில் எது உங்கள் அப்பா?" என்றாள். "இரண்டும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடவே அக்காவின் குரலும் வந்திருந்தது: "ரெண்டு பேருக்கும் ஏத்திட்டேன் தம்பி. நடுவுல கொஞ்சம் எடம் கீது, வந்தின்னா குந்தலாம்."

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். இங்கே நான் உட்காரும் பெஞ்சின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.