சம்பந்தி மரியாதையில் அமுங்கிய அலை

கிருபாகரன் சாதுவான மனிதர். ஜெபத்துக்குப் போனால் சபையில் கடைசி வரிசையில் உட்காருவார். ரேஷன் கடையில் நாலு பேர் குறுக்கே புகுந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் கையில் ஒரு ஸ்டியரிங் வந்துவிட்டால் முன்னால் போகும் எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை சவ ஊர்வலத்தை முந்திவிட்டு, இறந்தவருக்கு அவசரமில்லையே என்று விளக்கம் சொன்னார்.

மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு அவர் பதினைந்து வருஷம் பஸ் ஓட்டினார். திருப்போரூரில் ஆள் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ரோட்டில் போவார். அதே ரோட்டில், அதே நேரத்தில், இன்னொரு கம்பெனியின் பஸ்ஸை ஓட்டியவர் துரை. இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் வரும்போது மட்டும் தொழிலாளர்கள் கண் விழிப்பார்கள். அடுத்த பஸ்காரர்களை ஜன்னல் வழியாகத் திட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள்.

"இன்னாடா துரை, மாட்டு வண்டி ஓட்டிகினு வரியா?" என்பார் கிருபாகரன்.

"போடா, ஒன் மூஞ்சிய கண்ணாடில பாத்துகினே போறேன்!" என்பார் துரை.

இருவருக்கும் ஒரே கிராமம். ஒரே கிராமம் என்பது அரசாங்கக் கணக்கு. துரை ஊர், கிருபாகரன் காலனி. நடுவில் ஏரிக்கரை. கிருபாகரனின் அப்பா ஊர்த்தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டே போவார். அப்பா தள்ளிய தூரத்தையெல்லாம் மகன் ஆக்சிலரேட்டரில் மிதித்துத் தீர்த்தார் என்று சொன்னால் கிருபாகரன் ஒத்துக்கொள்ள மாட்டார். துரை ஓட்டுவது மோசம், அதனால் முந்தினேன் என்பார். இரண்டுமே உண்மை.

கம்பெனிகள் பஸ்ஸைக் காண்டிராக்டுக்கு விட்டபோது இருவருக்கும் வேலை போயிற்று. கோவளத்துக்குத் தெற்கே, கழிமுகத்தில் ஆழமாகத் தோண்டிய ஒரு பகுதியில் சம்பத் என்பவர் படகு கிளப் நடத்திவந்தார். ஒருவர் சேர்ந்தது தெரியாமல் மற்றவரும் அங்கே படகு ஓட்ட வந்து சேர்ந்தார். லைசென்ஸும் சேர்ந்தே எடுத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த கிளப்பில் நடப்பது இதுதான். தண்ணீர் நிரப்பிய மூட்டைகளை வைத்துப் படகின் பின்பக்கத்தை அமுக்குவார்கள். அப்படி அமுங்கிய படகு, வேகமாக மிதித்த சைக்கிள் அளவுக்குப் போனால் பின்னால் ஓர் அலை எழும்பிப் படகோடு கூடவே வரும். கயிற்றைப் பிடித்துப் பலகைமேல் எழுந்து நிற்பவர், அலை தள்ள ஆரம்பித்ததும் கயிற்றை விட்டுவிட்டு அதிலேயே சறுக்கலாம். கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடா இலவசமாக அலை அடித்துக்கொண்டிருக்க, பெட்ரோல் எரித்து எதற்கு அலை செய்யவேண்டும் என்று சம்பத்திடம் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் உறுப்பினராக இல்லை.

ஒருநாள் இரண்டு படகும் ஒரே நேரத்தில் நீரில் இருந்தன. அதற்குமேல் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆனால் வேகம் கூடினால் அலை அமுங்கிவிடும், சம்பத் கரையில் நின்று குதிப்பார். ஆகவே அது உலகத்திலேயே மெதுவான ரேஸ். இருவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அடுத்தவன் படகின் மூக்கு தன் மூக்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. அப்படிப் பார்த்துக்கொண்டே போனதில், இரண்டு படகின் அலையும் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து, இடுப்பு உயரத்துக்கு ஓர் அலை எழுந்து நின்றது.

கிருபாகரனின் படகுக்குப் பின்னால் சறுக்கிக்கொண்டிருந்தவள் ரேணுகா. நாவலூரில் சாப்ட்வேர் வேலை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், வாரக் கடைசியில் தண்ணீர். "அண்ணா, அப்டியே போங்க! யாரும் முந்தாதீங்க!" என்று கத்தினாள்.

யாரும் முந்தவில்லை. முந்தக் கூடாதென்றல்ல, முடியாமல்தான். ஆனாலும் அன்று முதல் இரட்டைப் படகு அலை கிளப்பின் தனிச் சரக்காயிற்று. பகையை இவ்வளவு நேர்கோட்டில் ஓட்டக்கூடிய இரண்டு டிரைவர்களை வேறெங்கே தேடுவது?

அதற்குள் பிள்ளைகள் காரியத்தைக் கெடுத்தார்கள். துரைக்குச் சாப்பாடு கொடுக்க வந்த மகன் ஹேமந்தும், கிருபாகரனுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த மகள் சிநேகாவும் படகுத்துறையில் தினமும் சந்தித்து, கடைசியில் பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றார்கள். அப்பாக்கள் கொஞ்ச நாள் முறைத்தார்கள். பிறகு காலையில் திருப்போரூர் முருகன், சாயங்காலம் சபை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பந்தி என்று கல்யாணம் நன்றாகவே முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை படகு எடுத்தபோது அலை வரவில்லை.

துரை கையை நீட்டி, "நீங்க போங்க சம்பந்தி" என்றார்.

கிருபாகரன் பதறிப்போய் வேகத்தைக் குறைத்தார். "ஐயோ, நீங்க போங்க சம்பந்தி. மாப்ள வூடு நீங்க."

"அதெல்லாம் அந்தக் காலம். நீங்க முன்னாடி போங்க." துரையும் குறைத்தார்.

இவர் குறைக்க, அவர் குறைக்க, இரண்டு படகும் வயலில் மேயும் எருமைகளைப் போல நின்றுவிட்டன. அலை அமுங்கியது. அதோடு ரேணுகாவும்.

"அண்ணா! இன்னா, பந்திக்கா கூப்டுகினு கீறீங்க?" என்றாள் கழுத்தளவு நீரிலிருந்து. "நான் இங்க முங்கிகினு கீறேன்!"

அந்த வாரம் முழுக்க இதே கதை. கடைசியில் சம்பத் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம நாவலூர் கம்பெனி ஆளுங்க, கிளப்புல சேரலாமான்னு பாக்க வராங்க. அல எழும்பி நின்னா ரெண்டு போட்டும் கிளப்புல இருக்கும். இல்லன்னா ஒண்ண வித்துடுவேன். ஒரு போட்டுக்கு ஒரு டிரைவர்தான். யாருன்னு நீங்களே பேசிக்குங்க, சம்பந்திங்கதானே."

"அவரே இருக்கட்டும் சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சம்பத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கிருபாகரன் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெருந்தன்மை இறங்கிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இனி யார் பஸ் கொடுப்பார்கள்? வேலை போன அப்பா என்ற பெயரோடு மகளின் மாமனார் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? அவர் மனைவி பிரிசில்லா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவர முந்தித் தொலைச்சா இன்னா?" என்றாள்.

"பொண்ணு அந்த வூட்ல வாழுது. நான் முந்துனா நாளைக்கு அது தலையிலதான் விடியும்."

"அவரு எதுக்குப் பின்னாடி போறாராம்? கண்ணகி கைல கேட்டேன்." கண்ணகி, துரையின் மனைவி. ஆண்கள் 'சம்பந்தி, சம்பந்தி' என்று குழைந்துகொண்டிருக்க, பெண்கள் இருவரும் முதல் வாரமே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "அவரு முன்னாடி போனா, ஊர்க்காரன் புத்திய காட்டிட்டான்னு நாலு பேரு சொல்லுவாங்களாம். அதான் ஒனக்கு வழி வுட்டுகினு கீறாராம்."

கிருபாகரன் நிமிர்ந்தார். "வழி வுடறாரா? எனக்கா?"

"மரியாதைக்குத்தான்யா."

"பதினஞ்சு வருஷம் அந்த ரோட்ல வழிய நானாவே எடுத்துகினேன். இப்ப இவரு எனக்கு குடுக்கறாரா? இன்னா மரியாத அது? மரியாதையும் வாணாம், மண்ணும் வாணாம்."

"நீயும் அதத்தான அவருக்குப் பண்ற?"

கிருபாகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். கோபம் மட்டும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாவலூர் ஆட்கள் கரையில் வரிசையாக நின்றார்கள், எல்லார் கையிலும் செல்போன். இரண்டு படகும் கிளம்பின. மஞ்சள் மிதவையைத் தாண்டியதும் துரை வழக்கம்போலக் கையை நீட்டினார். கிருபாகரன் குறைக்கவில்லை. மூக்கை ஒரு முழம் முன்னால் விட்டார்.

"டேய் துரை! மாட்டு வண்டி ஓட்டிகினு வரியா?"

கரையில் சம்பத் கண்ணை மூடிக்கொண்டார். துரையின் வாய் திறந்தபடி நின்றது. "இன்னா சொன்ன?" என்றார். 'ங்க' காணாமல் போயிருந்தது.

"காதுல வுழலயா? எனக்கு வழி வுடறியாமே! வழி குடுக்கறதுக்கு இது இன்னா ஒங்கப்பன் தெருவாடா?"

துரை நீட்டிய கையை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். எத்தனையோ வருஷமாக யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று அந்தக் கேள்வியில் இருந்தது. அது அவருக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று கிருபாகரன் நினைத்தார். ஆனால் கை மட்டும் வேகத்தைக் குறைக்க மறுத்தது.

"குடுக்கலடா" என்றார் துரை கடைசியில். "முடிஞ்சா எடுத்துக்க!"

அவர் மூக்கு முன்னால் வந்தது. இவர் மூக்கு சமமாயிற்று. பதினைந்து வருஷத்து வசவுகள், தூசி தட்டப்பட்டு, ஒவ்வொன்றாக நீரின்மேல் பறந்தன. நடுவில் அலை எழுந்தது. ரேணுகா கயிற்றை வீசிவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். மிதவையிலிருந்து மிதவை வரை இறங்கவே இல்லை.

இரண்டு படகும் நிலைத்தன. அந்த வீடியோ இப்போது கிளப்பின் விளம்பரம். இருவர் வாயும் அசைவது தெரியும்; சத்தத்துக்குப் பதில் வீணை போட்டிருக்கிறார்கள்.

அதன்பிறகு மஞ்சள் மிதவைக்கு அந்தப் பக்கம் 'டா', இந்தப் பக்கம் 'சம்பந்தி' என்று ஏற்பாடு. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. கரைக்கு வந்ததும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்து, நீங்க குடிங்க, நீங்க குடிங்க என்று ஆறவைப்பார்கள்.

சிநேகாவின் வளைகாப்பு துரை வீட்டில் நடந்தது. கிருபாகரன் பைக்கில் முன்னால் வர, வரிசைத் தட்டுகளோடு பிரிசில்லா பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்தாள். ஊர்த்தெரு முனையில் துரை தன் பைக்கோடு எதிர்கொள்ள நின்றிருந்தார்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி."

"இல்ல, நீங்க போங்க."

கிருபாகரன் தெருவைப் பார்த்தார். மிதவை எதுவும் கண்ணில் படவில்லை. ஆக்சிலரேட்டரைத் திருகினார். துரையும் திருகினார். இரண்டு வண்டியும் அந்தக் குறுகிய தெருவை மொத்தமாக அடைத்துக்கொண்டு, சக்கரத்துக்குச் சக்கரம் சரியாக, நடை வேகத்தில் போயின. ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"யோவ், ரெண்டுல ஒண்ணு ஓரம் போய்த் தொலைங்களேன்! பொண்ணு காத்துகினு கீது!" என்று கத்தினாள் பிரிசில்லா.

இருவரும் போகவில்லை.