கடலில் விழாதவள்

ராயபுரம் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு மீன்கார அத்தை, என் சித்தப்பா எழுதிய நாவலை அவர் முகத்திலேயே வீசி எறிந்தார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பயத்தைவிட, ஒரு புத்தகம் ஒருவரை இவ்வளவு கோபப்படுத்துமா என்ற பரவசம்தான் அதிகம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பலுக்கு வர்ணமடிக்கும் வேலை. மிஞ்சிய வர்ணத்தில் பலகைமேல் படம் வரைவார். மற்ற நேரமெல்லாம் எழுத்து. புருஷனை விட்டுக் கிரேன் ஓட்டுநரோடு போன ஒரு மீன்காரியின் கதை அந்த நாவல். பெயரை மாற்றியிருந்தார், ஆனால் அது அத்தைதான் என்று தெருவில் யாருக்குத்தான் தெரியாது? போதாக்குறைக்கு, அத்தை இடுப்பில் கைவைத்துச் சிரிப்பதை ஆளுயரத்துக்கு வரைந்து வாசல் சுவரில் மாட்டியும் வைத்தார். "பொம்பள மானத்த வித்துட்டியே நைனா" என்று தெருவே ஏசியது.

அன்றைக்குப் பிறகு அந்த நாவலை மறுபடி அச்சிட அவர் சம்மதிக்கவே இல்லை. "அந்தம்மா சரின்னு சொல்லாம ஒரு பக்கம்கூடப் போடக்கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஊரையே பகைத்துக்கொண்ட மனிதருக்கு, அத்தையின் வாசலேறிக் கேட்கத் துணிவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

போன மாதம் ஒரு பதிப்பாளர் மறுபதிப்புக்குக் கேட்டார். அத்தை எண்ணூரில் மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து பஸ் ஏறினேன். அவர் முடியாது என்றால் நாவல் அவ்வளவுதான்.

எழுபதைத் தாண்டிய அத்தை வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தையும், மானம் போனதில் அவருக்கிருந்த கோபத்தை நாங்கள் மறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"மானமா? யார்மே சொன்னது? கிரேன்காரரு கூடப் போனது நெசம், எயுதட்டும். கடைசில இன்னாத்துக்கு என்னைக் கடல்ல வுழுந்து சாவ வுட்டாரு? படத்துல சிரிக்கிறேன், கதைல சாவுறேன். சந்தோசமா குடும்பம் நடத்தினு இருந்தவள மார்க்கெட்டுல அல்லாரும் பாவமா பாத்தாங்கோ."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சித்தப்பாவுக்கு இத்தனை வருடம் வீணாகியிருக்காது.

"இனிமே மாத்த முடியாதே அத்தை, எழுதினவர் இல்லையே" என்றேன்.

"மாத்தாத. அது அவரு கதை. போட்டுக்கோ."

பதிப்பாளருக்குச் சொல்லக் கைபேசியை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வுழுந்து சாவுறா பாரு, அந்தப் பக்கத்துக்குக் கீய என் நெசப் பேரப் போடு. எண்ணூர்ல நல்லா கீறேன்னு போடு."