ஞாயிற்றுக்கிழமைப் பசி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்கு ஊரின் அன்பு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வந்து சேரும். பிறந்தநாளோ நினைவுநாளோ, எங்கள் ஊரில் அது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடாக மாறிவிடும். பெங்களூரில் இலக்கியம் படிக்கும் நான், வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது, யாருக்கு எந்த ஞாயிறு என்று நோட்டில் குறித்துவைக்கும் பொறுப்பை ஏற்றிருந்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது, கையெழுத்தும் ஒழுங்கானது. அந்த ஒழுங்கான கையெழுத்திலேயே ஒரு ஞாயிற்றை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் வந்தது, மகளின் பிறந்தநாளுக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். பிரியாணி, கேக், ஐஸ்கிரீம். பிள்ளைகள் மனம் நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களின் கார் கிளம்பிப் போன சற்று நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இரண்டு அண்டாக்களோடு இறங்கினார். ஒன்றில் கேழ்வரகுக் களி, மற்றதில் ஆட்டுக்கறிக் குழம்பு. மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த அம்மாள் செய்வது போலவே, வாழ்நாளில் முதன்முறையாகத் தானே சமைத்திருந்தார். பிள்ளைகள் உண்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகளில் மூத்தவளான ஏழாம் வகுப்புக்காரி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா இருங்கக்கா. போன மாசம் கல்யாண வீட்டுச் சாப்பாடு வந்தப்போ ரெண்டு வாட்டி துன்னலியா நாங்க?”

எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, காதோடு காதாக உத்தரவுகள் போட்டாள்: தண்ணீர் குடிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, யாராவது ஒருவர் இரண்டாம் முறை கேட்க வேண்டும். விருந்தோம்பலுக்கு விருந்தினரே வகுத்த இலக்கணம் ஒன்று உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

ஆனால் களியை ஏமாற்ற முடியாது. கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நிறைந்த வயிற்றுக்குள் அது இறங்காது. எல்லோரிலும் சின்னவள் ஒரு வாய் விழுங்கிவிட்டு, கண்களை அகல விரித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்புக்காரியோ, “தாத்தா, இன்னொரு உருண்டை!” என்று கூவினாள். அவள் தட்டில் முதல் உருண்டை முழுதாக இருந்தது.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. “இன்னா பாப்பா, உப்பு பத்தலியா? எனக்குத் தெரியும். அவ பதம் எனக்கு வரல.”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்கள், தவறு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, நீ கேஜ் ஓட்டியிருந்தா ரெண்டு ஷிப்ட்டு ஆளையும் ஒண்ணாவே இறக்கியிருப்ப போலக்கீதே!”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏழாம் வகுப்புக்காரியிடம் குனிந்து, “அப்போ களி நல்லாத்தான் கீதா?” என்று கேட்டார்.

“தெரியல தாத்தா. நாக்குல இன்னும் பிரியாணிதான் கீது.”

இப்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. “சரி, களி தண்ணியில ஊறட்டும். காலையில வர்றேன்.”

மறுநாள் ஆறரை மணிக்கு மோரும் சின்ன வெங்காயமுமாக வந்து நின்றார். ஊறிய களியை மோரில் கரைத்தார். இல்லத்தில் இரவே சுண்டக் காய்ச்சி வைத்திருந்த குழம்பைத் தொட்டுக்கொள்ள வைத்தார். நான் பெங்களூர் ரயிலை விட்டுவிட்டு டம்ளர்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஈரத் தலையும் யூனிபார்முமாகப் பிள்ளைகள் உறிஞ்சிக் குடித்தார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சின்னவள் மட்டும் டம்ளரோடு எழுந்து வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அவ்ளோதானா தாத்தா?”

“அவ்ளோதான் கண்ணு, தீந்துபோச்சு,” என்றார் பெரியவர், பூரிப்பை மறைக்கத் தெரியாமல்.