ஐந்நூறைத் தாண்டாத வீடு

ஜோசலினுக்கு மீட்டர் பெட்டியின் மேல் பயம் வந்தது பிப்ரவரி மாதத்தில். அதற்கு முன் அது மாடிப்படிக்குக் கீழே, வீட்டுக்கார அம்மாளின் ஓடாத தையல் மெஷினுக்குப் பின்னால், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. பிப்ரவரிக்கு அப்புறம் தினமும் பால் பாக்கெட் எடுக்க இறங்கும்போது அதன் முன்னால் போய் நின்றாள். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழிப்பாள். ஏழு வந்தால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஒன்பது வந்தால், யார் எந்த ஸ்விட்சை அணைக்காமல் விட்டார்கள் என்று படி ஏறும்போதே யோசனை ஆரம்பித்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் கணவன் ஏசுதாசன் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதின்மூன்று வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். பொங்கல் லீவு முடிந்து போனபோது, அவன் நின்ற உற்பத்தி வரிசையையே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். சம்பளத்தோடு மருத்துவ இன்சூரன்ஸ் அட்டையும் போயிற்று. இப்போது வண்டலூர் தாண்டி ஒரு குடோனில் இரவு ஷிப்ட். பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஜோசலின் அஸ்தினாபுரத்திலேயே ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். அந்தப் பணம் வீட்டு வாடகைக்கே போதாது.

பிப்ரவரி கரண்ட் பில்லில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்று வந்தது. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட் வரை ஒரு ரேட். அதைத் தாண்டினால் ஆரம்பத்திலிருந்தே வேறு ரேட். பன்னிரண்டு யூனிட்டுக்காக அவ்வளவு பணமா என்று ஜோசலின் போனில் வந்த மெசேஜை மூன்று முறை படித்தாள். அன்றைக்கே ஏ.சி. பிளக்கைப் பிடுங்கி, யாரும் மறந்து மாட்டிவிடாதபடி துணி நாடாவால் கட்டிவைத்தாள். வாஷிங் மெஷின் வாரத்துக்கு ஒரு தடவை. இஸ்திரிப் பெட்டி ஏசுதாசனின் பழைய ஆபீஸ் சட்டைகளோடு பீரோவுக்கு மேலே போனது. டி.வி. ரிமோட்டில் அணைப்பதோடு விடாமல் சுவரிலும் அணைக்க வேண்டும். ஏப்ரல் பில்லில் நானூற்று எண்பத்தாறு வந்தது.

"கரண்ட் ஆபீஸ்ல உனக்கு ஒரு சேர் போட்டுடலாம்" என்று ஏசுதாசன் சிரித்தான். ஜோசலினும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவள் கோடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மே மாதம் மூன்று ஃபேனும் நாளெல்லாம் ஓடும். எங்கேயாவது இன்னும் ஐம்பது யூனிட்டை மிச்சம் பிடிக்க வேண்டும். வீட்டில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

பால் அன்றன்றைக்கு வாங்குவது. மாவு இரண்டு நாளைக்கு மேல் வைப்பதில்லை. காலை ஆறு மணிக்கு அணைத்து மாலை ஆறு மணிக்குப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. ஒரே ஒரு பொருள்தான் இடித்தது: ஹெப்சியின் இன்சுலின்.

ஹெப்சி அவர்களுடைய ஒரே பெண். பதின்மூன்று வயது. ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாத வகை. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகவே கொடுத்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷினுக்கு வேண்டிய ஸ்ட்ரிப்பைத்தான் வெளியே வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மார்ச்சிலிருந்து, "காலையிலயும் ராத்திரியும் பார்த்தா போதும்டா, ஒழுங்காத்தானே இருக்கு" என்று ஜோசலின் இரண்டாகக் குறைத்திருந்தாள். ஹெப்சி தானே குத்திப் பார்ப்பாள், தானே ஊசி போட்டுக்கொள்வாள், நீல அட்டை நோட்டில் எண்ணை எழுதுவாள். ஞாயிறுதோறும் ஜோசலின் அதைப் புரட்டிப் பார்ப்பாள். 138, 152, 144. அழகான கையெழுத்து.

மருந்தை எப்போதும் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்பது ஜோசலினுக்கு மனப்பாடம். பகலில் அணைத்த ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தால் சூடாகிவிடுமே. யோசித்து யோசித்து அவள் குப்பிகளை ஒரு டப்பாவில் போட்டு மேலே ஃப்ரீசருக்குள் வைத்தாள். அங்கே கட்டியிருக்கிற ஐஸ் மத்தியானம் வரைக்கும் கரையாது. ஊசி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் மருந்து உருகிவிடும். கதவுத் தட்டைவிட அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தபோது, தன் புத்தியை அவளே மெச்சிக்கொண்டாள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. ஹெப்சி இளைக்க ஆரம்பித்தாள். முதலில் பார்த்துச் சொன்னது கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாள் கிளியம்மாள்தான்.

"இன்னா ஜோசலினு, புள்ள கயுத்தெலும்பு தெரியிற மாரி எளச்சுக்கினு போவுது? நீ மீட்டர பாக்கற நேரத்துல அத்த கொஞ்சம் பாரு."

ஜோசலினுக்குச் சுருக்கென்றது. வளர்கிற வயசு ஆன்ட்டி, வெயில் வேற, என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள். வந்ததும் நீல நோட்டை எடுத்தாள். 141, 136, 150. நோட்டு ஒன்று சொன்னது, கண் வேறொன்று சொன்னது. ஹெப்சி தண்ணீர் சொம்பைக் கீழே வைப்பதில்லை. பாத்ரூம் கதவு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில், தண்ணீர் குடிக்கிறாள், குடித்தால் போகத்தானே செய்வாள் என்று ஜோசலின் தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். ஆனாலும் பாத்ரூம் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் கையில் இருந்த வேலையை நிறுத்திக் காது கொடுத்தாள். நாளைக்கு ஒரு தடவை நானே குத்திப் பார்க்கலாமா என்று நினைப்பாள். எண் மோசமாக வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் நாளை என்பது மறுநாளைக்குப் போகும். ஆஸ்பத்திரி என்றால் இன்சூரன்ஸ் இல்லை. இலவச ஆஸ்பத்திரி என்றாலும் ஏசுதாசன் லீவு எடுத்தால் அன்றைய கூலி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் புறப்பட அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். ஏசுதாசன் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹெப்சி சமையலறை வாசலில் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். மூச்சு ஓடி வந்தவள் போல வேகமாக, ஆழமாக இருந்தது. அவள் வாயருகே குனிந்தபோது கனிந்து அழுகின பழத்தின் வாசனை வந்தது. ஒன்பது வயதில், வியாதி தெரிந்த அன்றைக்கு வந்த அதே வாசனை.

"மிஷின எடுங்க" என்றாள் ஜோசலின். அவள் கையால் குத்தினாள். மிஷினில் எண் வரவில்லை. அளக்க முடியாத உயரம் என்பதற்கான இரண்டு எழுத்து மட்டும் வந்தது.

ஆட்டோவில் ஹெப்சியின் தலை அவள் மடியில் இருந்தது. ஏசுதாசன் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தடவையும் ஹெப்சி "ம்" என்றாள். அந்த "ம்" வரத் தாமதிக்கிற இடைவெளியில் ஜோசலினுக்கு உலகம் நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னல் விழுந்தபோது அவளுக்குக் காணிக்கைக் கவர் ஞாபகம் வந்தது. வருமானத்தில் பத்தில் ஒன்றாகச் சர்ச்சுக்குக் கொடுக்கிற தசமபாகத்தில், பிப்ரவரியிலிருந்து பாதியைத்தான் போட்டு வந்தாள். ஏசுதாசனுக்குத் தெரியாது. ஆண்டவரே, அதுக்காகவா, என் மேல போடும், அவள் மேல போடாதேயும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். எடுத்ததை எல்லாம் வட்டியோடு வைக்கிறேன் என்றாள். கடவுளிடம் வட்டி பேசுகிறோமே என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த உடனே இரண்டு கையிலும் ஊசி ஏறியது. ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடுத்த இரண்டு நாள் ஜோசலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தாள். யாராவது உள்ளேயிருந்து வேகமாக வந்தால் எழுந்து நிற்பாள். வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் உட்காருவாள். உட்காரும்போது சந்தோஷப்பட்டதற்காக அந்த யாரோ ஒருவருக்காகவும் ஜெபம் செய்வாள். ஏசுதாசன் இரண்டு ஷிப்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் ஹெப்சியை வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே சரோஜினி என்ற நர்ஸ், வயதானவர், வீட்டிலிருந்து நோட்டையும் மிஷினையும் மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஏசுதாசன் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். சரோஜினி நோட்டைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார்.

"எண்ணு எல்லாம் நல்லா இருக்கேம்மா. இப்படி இருக்கிற புள்ள இந்த நெலமைக்கு வராதே. மருந்து எங்க வெக்கிறீங்க?"

"ஃப்ரீசர்ல சிஸ்டர்" என்றாள் ஜோசலின். பகலில் ஃப்ரிட்ஜை அணைப்பதையும், மருந்து மட்டும் சூடாகக் கூடாது என்று மேலே வைப்பதையும் சொன்னாள். இந்த ஒரு விஷயத்திலாவது தான் கவனமாக இருந்தோம் என்பதுபோலச் சொன்னாள்.

சரோஜினி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்னத் துணுக்குகள் மிதந்தன.

"உறைஞ்சா செத்துப்போகும்மா இந்த மருந்து. திரும்ப உருகினாலும் பழைய வீரியம் வராது. எத்தினி நாளா?"

ஏப்ரல் பத்தாம் தேதியிலிருந்து. தேதி அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்; அன்றைக்கு எட்டாக இருந்த யூனிட் மறுநாள் ஏழானது. ஆட்டோவில் கடவுளைச் சந்தேகப்பட்டது எவ்வளவோ தேவலை என்றிருந்தது. அவரிடமாவது கெஞ்சலாம். இது அவள் கை. நாளெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த கை.

"நானும்தான் தினம் ஐஸ் தண்ணி எடுக்கும்போது அந்த டப்பாவ நகர்த்தினேன்" என்றான் ஏசுதாசன், அவளைப் பார்க்காமல். "எனக்கு மட்டும் தெரியுமா."

சரோஜினி இதற்குள் மிஷினைக் கையில் எடுத்து பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். அது தான் பார்த்த எண்களைத் தேதியோடு உள்ளேயே வைத்திருக்கும் என்பது ஜோசலினுக்குத் தெரியாது. சரோஜினி நோட்டைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு ஹெப்சியைப் பார்த்தார்.

"பாப்பா, மே மாசம் முழுக்க நாலு தடவதான் குத்தியிருக்கே. ஞாயித்துக்கெழம அம்மா குத்தினதோட அஞ்சு. நோட்டுல இருக்கற மிச்சமெல்லாம் யாரு எண்ணு?"

ஹெப்சி போர்வை நுனியைச் சுருட்டினாள்.

"நான் எழுதினது."

"ஏண்டா?" என்றாள் ஜோசலின்.

"பாக்ஸ் தீர்ந்துட்டா புதுசு வாங்கணும்ல மம்மி. அந்த நாலு தடவையும் முன்னூறுக்கு மேல வந்துச்சு. சொன்னா நீங்க மறுபடி தினம் நாலு தடவ பாக்கச் சொல்வீங்க."

ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள அந்தப் பெட்டியை வாங்கியது ஏப்ரல் கடைசியில். தினம் இரண்டு என்றால் மே இருபதுக்குள் தீர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு. வீட்டில் எண்ணெய் எத்தனை நாள் வந்தது, சோப்பு எத்தனை நாள் வந்தது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்த ஜோசலின், தீராமல் இருந்த இந்தப் பெட்டியை மட்டும் கேள்வியே கேட்கவில்லை. புதுசு வாங்கச் சொல்லி யாரும் கேட்காதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

நர்ஸ் அதட்டவில்லை. நோட்டை மூடி, "இது வேணாம், புது நோட்டு போடலாம்" என்றார். இங்கேயே ஸ்ட்ரிப் கொடுக்க முடியுமா என்று எழுதிக் கேட்டுப் பார்ப்பதாகவும், மருந்து கதவுத் தட்டைவிட்டு இனி நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஏசுதாசன் புதுக் குப்பி வாங்கச் சீட்டோடு கீழே இறங்கினான்.

ஜோசலின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஹெப்சியின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். குத்தின தழும்புகள் ஆறி, நுனிகள் மழமழவென்று இருந்தன. ஒரு மாதமாக இந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

கோபப்பட நினைத்தாள். யார் மேல் என்று தெரியவில்லை. அவளுக்குள் மெல்ல வேறொரு பயம் ஏறியது. ஐந்து நாளில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனாலும் கூடவே வரப்போகிற பயம்.

"ஹெப்சிம்மா. இது மாதிரி வேற ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கியா?"

ஹெப்சி அப்பா போன கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"திட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது. பரீட்சை அப்பவே. போர்டு தெரியல. கண்ணாடின்னா செலவாகும்னு..."

ஜோசலின் எழுந்தாள். செருப்பு மாட்டாமலே வார்டின் கடைசிவரை போய், டியூட்டி டாக்டர் முன்னால் நின்று சொன்னாள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் அப்படி இருக்கும், இறங்கினால் பெரும்பாலும் சரியாகும், இருந்தாலும் நாளைக்கே கண் டாக்டரிடம் காட்டுவோம் என்றார் அவர். பெரும்பாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

ஹெப்சி தலையணையில் சாய்ந்து காத்திருந்தாள். முகம் கொஞ்சம் லேசாகியிருந்தது.

"இன்னும் இருக்கு மம்மி" என்றாள்.

ஜோசலின் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹெப்சியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றாள்.