காவல் கோபுரத்துக்கு ஒரு தோல்வார்

“கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்.”

அவர் தூக்கினார். அவள் அக்குளுக்குக் கீழே அளவு நாடாவைச் சுற்றி, நகத்தால் அடையாளம் பிடித்துக்கொண்டாள். கடைசியாக அவர் பெல்ட்டில் புதுத் துளை போட்டுக் கொடுத்தபோது இருந்த உடம்பு இப்போது இல்லை.

“குதிரைக்குச் சேணம் தைக்கிறியா?”

“குதிரை எங்கண்ணன். நீங்க மூட்டை.”

கட்டிலுக்கு அப்பால் நின்ற அண்ணன் சிரித்தார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது அவர் தொழில். “மூணு மாடி பீரோ ஏத்தியிருக்கேன் மாப்பிள்ளை. பீரோ இவ்வளவு பேசாது.”

கூடச் சிரித்ததில் கணவருக்கு இருமல் வந்தது. மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டு அவள் மறுபடி அளந்தாள்.

அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் கோட்டை. விடுமுறை வந்தால் எங்காவது இடிந்த கோட்டை, பழைய பாலம், கல்லறை என்று கிளம்பிவிடுவார். “லீவு போட்டு மாமனார் வீட்டுக்குப் போறவனைப் பாத்திருக்கோம். கூரையில்லாத வீட்டுக்குப் போறவன் நீ ஒருத்தன்தான்” என்பார்கள். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவார். அவளுக்கு உயரம் ஆகாது. நிழல் பார்த்துக் கீழே உட்கார்ந்து, பையிலிருந்து தோல், குத்தூசி, மெழுகு தேய்த்த நூல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். தண்ணீர்ப் பாட்டிலுக்கு உறை, டார்ச்சுக்கு உறை, கேமராவுக்கு வார் என்று அவர் மேல் தொங்கியதெல்லாம் அவள் தைத்தவை.

அவர் இறங்கி வருவார். முகம் சிவந்திருக்கும்.

“மேல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. காத்துதான்.”

எங்கே போனாலும் இதே பதில். அவளும் அப்படியே நம்பினாள். காற்று வாங்கவா இந்த மனுஷன் இவ்வளவு தூரம் வருகிறார் என்று கேலியும் செய்திருக்கிறாள்.

சொந்த ஊரில், கடைத்தெரு முனையில், ஒரு காவல் கோபுரம் இருந்தது. அவர் பேருந்து ஒவ்வொரு நடையும் அதைச் சுற்றித்தான் திரும்பும். அதில் மட்டும் ஏறியதில்லை. எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவைத்திருந்தார்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் கெட்டிப்பட்டு வருகிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும், “தோல் கெட்டியானா எண்ணெய் தடவுவேல்ல, எனக்கும் கொஞ்சம் ஊத்து” என்றார். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த மாத்திரைப் பெயரை அவள் பார்த்தாள். அதை வாங்க வருகிறவர்களைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். கொஞ்ச காலம் வருவார்கள்.

ஒரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கோபுரத்தை மட்டும் பாத்துடணும்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவரை அண்ணன் முதுகில் கட்டி ஏற்ற ஒரு வார் தைக்க, இருப்பதிலேயே தடித்த தோலை வாங்கினாள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊசி விட்டுத் தைத்தாள். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கும். வாரில் மணல் மூட்டையை மாட்டி அண்ணனை மாடிப்படியில் ஏற்றி இறக்கினாள். ஒரு தையலும் அசையவில்லை.

ஞாயிறு காலை போனார்கள். காவலாளி வாரை இழுத்துப் பார்த்தார், அவர் மூக்குக் குழாயைப் பார்த்தார், கதவைத் திறந்தார். அண்ணன் முதுகில் அவர். சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் அவள்.

“மூட்டை சௌகரியமா இருக்கா?”

“குதிரை கொஞ்சம் நாறுது.”

படி சுழன்று ஏறியது. முதல் வளைவு சரியாகப் போயிற்று. இரண்டாவதில் அவர் முழங்கால்கள் சுவரில் இடித்தன. அண்ணன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். முன்னால் தூக்கியும் பார்த்தார்கள். ஆள் ஒருவர் போகிற வழி. முதுகில் ஆளோடு போக முடியாது.

கீழேயிருந்து காவலாளி, “மேல போகப்போக இன்னும் குறுகும்மா” என்றார்.

அவள் சுவரில் கை வைத்தபடி நின்றாள். அவரை அளந்திருந்தாள், அண்ணன் தோளை அளந்திருந்தாள், தோலை அளந்திருந்தாள். படியை அளக்கவில்லை. இத்தனை வருஷம் ஊரிலேயே இருந்தும் இதற்குள் ஒருநாளும் வந்ததில்லை.

“இறக்குங்க மச்சான்” என்றார் அவர். படியில் உட்கார்ந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டார். பிறகு அவளிடம், “நீ போயிட்டு வா” என்றார்.

“நான் எதுக்கு? தலை சுத்தும்.”

“கண்ணை மூடிக்கிட்டுப் பாரு. ஒரு மாறுதலுக்கு நான் கீழ உக்காந்திருக்கேன்.”

சிலிண்டரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினாள். கடைசிப் படிகளைக் கையை ஊன்றித்தான் ஏறினாள்.

மேலே ஆறு தெரிந்தது. ஊருக்குள் இருக்கும்போது அது இவ்வளவு வளைந்து போகிறதென்று தெரியாது. டிப்போவில் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஒன்று கிளம்பி, கோபுரத்தைச் சுற்றித் திரும்பிப் போயிற்று. அவள் தேடித் தேடித் தங்கள் மொட்டைமாடியைக் கண்டுபிடித்தாள். கொடியில் அவருடைய நீலச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவர் ஏறிய ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். கீழே உட்கார்ந்திருந்தவள் ஏங்கிவிடக் கூடாதென்று மறைத்துவிட்டிருக்கிறார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“மேல என்ன இருந்துச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்ல. காத்துதான்.”

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமா” என்றார். “எல்லா இடத்துலயும் அப்படித்தான்.”

மறுநாள் அண்ணன் முதல் பேருந்தில் தன் ஊருக்குப் போனார். அவள் கடைக்குப் போனாள். மத்தியானம் வந்து சிலிண்டர் மாற்றினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மாலையில் வாரைப் பிரிக்க உட்கார்ந்தாள். தையல் பிரியவில்லை. பக்கிள்களை மட்டும் வெட்டியெடுத்து டப்பாவில் போட்டாள். கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தாள். அவர் எழுந்து, பேன்ட் நிற்கவில்லை என்றார். பெல்ட்டை வாங்கி இன்னொரு துளை போட்டுக் கொடுத்தாள்.